இடது காலுக்கு இருபது

என்னிடம் வருகிற பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் தொடை குறைய வேண்டும் என்றுதான் வருகிறார்கள். தொடையை மட்டும் தனியாகக் குறைக்க எந்தப் பயிற்சியாலும் முடியாது. உடம்பு தன் இஷ்டத்துக்கு எங்கிருந்தோ கொழுப்பை எடுக்கும், தசை வேண்டுமானால் இறுகும், அவ்வளவுதான். இதை முதல் நாளே சொன்னால் மறுநாள் வகுப்பில் நானும் மின்விசிறியும் மட்டும்தான் இருப்போம். அதனால் சொல்வதில்லை. செய்யுங்க, பார்க்கலாம் என்பேன்.

என் பெயர் ஜெபிஷா. மில்லர்புரத்தில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில், காலை பத்தரை மணிக்குப் பெண்களுக்கு மட்டும் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தவறுக்கு அதுவும் ஒரு காரணம். சாக்குச் சொல்லவில்லை, காரணத்தைத்தான் சொல்கிறேன்.

ரம்யா மாசி மாதம் வந்தாள். முத்தையாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தங்கதுரை அண்ணாச்சியின் மகள். இருபத்தைந்து வயது, பி.காம். அம்மா செண்பகம் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தையில் பூ வைத்திருக்கிறார்கள், வைகாசியில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, பிள்ளை லட்சணமாகத்தான் இருக்கிறாள், இடுப்புக்குக் கீழே மட்டும் கொஞ்சம் வற்றினால் பட்டுச்சேலை நன்றாக நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். மாமியார் ஆவதற்கு முன்பே அளவெடுக்க ஆரம்பித்துவிட்ட புண்ணியவதி.

ரம்யாவுக்கு அப்படி ஒன்றும் குண்டு உடம்பு இல்லை. ஆனால் அதைச் சொல்வது என் வேலை இல்லையே. திங்கட்கிழமைதோறும் லெக்கின்ஸுக்கு மேலேயே டேப் வைத்து இரண்டு தொடைகளையும் அளந்து நோட்டில் எழுதுவேன். முதல் திங்கள் வலது அறுபத்திரண்டு, இடது அறுபத்திரண்டரை. இரண்டு தொடையும் ஒரே அளவாக இருக்கிற ஆள் யாரும் கிடையாது, அதனால் அந்த அரை சென்டிமீட்டரை நான் பொருட்படுத்தவில்லை.

நன்றாகச் செய்தாள். உட்கார்ந்து எழச் சொன்னால் முட்டி பாதத்தைத் தாண்டாமல் உட்கார்ந்து எழுவாள். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, ஒரு காலை முன்னே வைத்துக் கீழே இறங்குவது எல்லாம் சொன்ன கணக்குக்கு ஒன்றுகூடக் குறையாது. மற்றவர்கள் பத்தைத் தாண்டியதும் அய்யோ அம்மா என்று பாயில் விழுவார்கள். இவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பாள். நான் அவளைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினேன்.

மூன்றாவது திங்கள் வலது அறுபதரை. இடது அறுபத்து மூன்று. டேப்பைத் தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று மறுபடி அளந்தேன், அதேதான். உள்பக்கமாகக் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். பதினொரு வருடமாகத் தொடைகளைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். கொழுப்பு என்றால் விரலுக்கு அமுங்கும். தசை என்றால் காலை அசைக்கும்போது கூடவே அசையும். இது இரண்டும் இல்லை. தோலுக்கு உள்ளே ஒரு பச்சை மாங்காயை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. நான் கையை எடுத்தேன். ரம்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதினேன்.

வகுப்பு முடிந்து, ரம்யா உடை மாற்றப் போனபோது, அவளை அழைத்துப்போக வந்திருந்த செண்பகத்தை மாடிப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அது கட்டி மாதிரித் தெரிகிறது, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றேன். அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை. பொங்கலுக்கு முன்பே குளிக்கும்போது மகள் காட்டியிருக்கிறாள். சின்னதில் சைக்கிளிலிருந்து விழுந்த இடம், ரத்தம் கட்டியிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள்.

எங்கள் ஊரில் கடைக்காரர் வீட்டுப் பெண்ணை யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது. சீட்டு எழுதுகிறவர் சித்தப்பா முறை, மருந்து கொடுக்கிறவள் மதினி முறை. ஸ்கேன் எடுக்க வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தராவது மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாக இருப்பார். பூ வைத்த பெண்ணுக்கு உடம்பில் கோளாறு என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், அந்த வீட்டில் அடுத்து இருக்கிற பெண்ணுக்கும் மாப்பிள்ளை வரமாட்டான். செண்பகத்துக்கு இன்னொரு மகளும் இருந்தாள்.

"ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனா நாங்க வீடு வந்து சேருமுன்ன மஸ்கட்டுக்குச் செய்தி போயிரும் டீச்சர்," என்றாள். "கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் நீங்களே கொஞ்சம் வத்த வையுங்க. அவ அப்பாவுக்குக்கூட இது தெரியாது."

நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கல்யாணம் ஆகாத ஜெபிஷா ஒரு கல்யாணத்தைக் கலைத்துவிட்டாள், வயிற்றெரிச்சல்காரி என்று ஊர் பேசும் என்பதும் கூடவே வந்தது. கட்டியாக இல்லாமல் வெறும் ரத்தக்கட்டாகவே இருந்துவிட்டால் என் முகத்தில் யார் முழிப்பார்கள். சரி அக்கா, பார்க்கலாம் என்றேன். செண்பகம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ரம்யாவிடம், வலது காலுக்குச் செய்வதைவிட இடது காலுக்கு இருபது கூட்டிச் செய் என்று சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து கூட்டிச் செய்தாள்.

அதன்பிறகு திங்கட்கிழமைகள் போயின. வலது ஐம்பத்தொன்பது, இடது அறுபத்து நான்கு. வலது ஐம்பத்தெட்டரை, இடது அறுபத்தைந்தரை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது, தேதி, அளவு, கையொப்பம் எல்லாம் இருக்கிறது. நான்கு தடவை செண்பகத்திடம் மறுபடியும் சொல்ல நினைத்தேன். ஒரு தடவை போன்கூடப் போட்டேன். அவள் எடுத்ததும், சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலி இல்லாமல் உட்காருகிற பயிற்சி. முப்பது எண்ணுவதற்குள் ரம்யா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை. வெயில், வெறும் வயிறு என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். குளூக்கோஸ் கரைத்துக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். நாளைக்கு மெதுவாகச் செய்யலாம் என்று வேறு சொன்னேன்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. செண்பகத்தின் போன் அணைந்தே இருந்தது. பதினைந்து நாள் கழித்துக் கீழே தையல் கடையில் விஷயம் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பாதம் மரத்துப்போய்ப் படியிலேயே விழுந்திருக்கிறாள். அப்பாதான் யாரையும் கேட்காமல் நேரே மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார். புற்றுக்கட்டி. பெரிய ரத்தக்குழாயையும் நரம்பையும் சுற்றிப் பிடித்துவிட்டதால் காலை வைத்துக்கொண்டு அதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இடது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதே வாரத்தில் வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. மாடிக்குப் போய் அன்றைய வகுப்பை முழுதாக நடத்தினேன். எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை. வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு மாதம் இப்படித்தான் போனது. என்னைப் பார்த்தால் எனக்கே வெறுப்பாக இருந்தது, ஆனால் அந்த வெறுப்பும் மேலோட்டமாகத்தான் இருந்தது, உள்ளே போகவில்லை.

ஆடி முதல் வாரம் முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறினேன். மூன்றாவது வாரமே எனக்குத் தெரியும் என்பதை ரம்யாவிடமாவது சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி என்றுதான் போனேன்.

தங்கதுரை அண்ணாச்சி வாசலிலேயே எழுந்து நின்று கும்பிட்டார். என் மகளைத் தன் தங்கச்சி மாதிரிப் பார்த்துக்கொண்ட டீச்சர் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னைக் காட்டினார். இது ராத்திரியோடு ராத்திரியாக வந்த நோய், யாருக்கும் முன்னாலேயே தெரியாமல் போய்விட்டது என்று சொன்னார். செண்பகம் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன்.

ரம்யா உள்அறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்து ஏற்றியதில் முடி கொட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். அம்மாவைக் காபி போட அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வகுப்பில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் ரம்யா, அந்த மூன்றாவது வாரம், என்று தொடங்கினேன்.

"தெரியும்க்கா," என்றாள். "படியில நீங்களும் அம்மாவும் பேசினதக் கேட்டுட்டுத்தான் நின்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாட்ட சொல்லிரணும்னு இருந்தேன். அம்மா சொன்னத நான் நம்பவே இல்லக்கா, அவளுக்குக் கல்யாணம் நடக்கணும், எதையும் சொல்லுவா. ஆனா நீங்க தொட்டுப் பாத்தவிய. அது கெட்ட கட்டின்னா நீங்க எப்படி வேலை வாங்குவியன்னு நெனச்சேன். மறுநாள் வந்து இடது காலுக்கு இருபது கூட்டிச் செய்யின்னு சொன்னிய பாருங்க, அப்பதான் பயமே போச்சு. அன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன்."

செண்பகம் காபியோடு உள்ளே வந்தாள். ரம்யா ஒரு தம்ளரை வாங்கி, சூடு ஆறட்டும் என்று சொல்லி என் கையில் கொடுத்தாள்.