வடிகட்டி மேல் குற்றமில்லை

விமான எரிபொருள் கிடங்கின் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் கண்ணாடிக் குடுவையில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பளிச்சென்று இருந்தால் கையெழுத்து. அன்றைக்கு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

“தண்ணி கலந்திருக்கு. வடிகட்டி போயிடுச்சு, மாத்துங்க,” என்றார் மேலாளர்.

மாற்றினார்கள். மங்கல் போகவில்லை. இன்னொன்று மாற்றினார்கள். அதுவும் அப்படியே. வெளியே ஒரு விமானம் பயணிகளை ஏற்றிக்கொண்டு காத்திருந்தது. விமானி இரண்டு தடவை போன் செய்தார். இரண்டாவது தடவை மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

அவள் ஒரு பாட்டிலில் எரிபொருளும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தாள். ஐந்து நிமிடத்தில் கோடு கிழித்தாற்போலப் பிரிய வேண்டும். பிரியவில்லை. நடுவில் நுரை நின்றது.

“வடிகட்டி மேல தப்பில்ல சார். மருந்து கூடிப்போச்சு.”

குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கலக்கும் திரவத்துக்குத்தான் அங்கே மருந்து என்று பெயர். நுண்ணிய நீர்த்துளிகளை ஒன்றுசேர்த்துக் கனமாக்கிக் கீழே இறக்குவது வடிகட்டியின் வேலை. மருந்து மிஞ்சினால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பொடிப்பொடியாகவே மறுபக்கம் போய்விடும்.

அவள் மருந்துக் கொட்டகைக்குப் போனாள். அது அவளுடைய அண்ணன் பொறுப்பு. கூடப்பிறந்தவன். ஒரே வீடு.

“அண்ணா, எவ்வளவு ஊத்துன?”

“மீட்டர் முள்ளு அசையவே இல்ல. மருந்து ஏத்துற பம்பு ஓடலன்னு நினைச்சு, கையால அளந்து ஊத்தினேன்.”

அவள் பம்பைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது, கெட்டுப்போனது மீட்டர். மருந்து இரண்டு மடங்கு போயிருந்தது.

“ரிப்போர்ட்ல என் பேரை எழுதணுமா?”

“பேருக்கு அதுல கட்டமே இல்ல. ‘கையால் ஊற்றப்பட்டது’ன்னு எழுதறேன்.”

“யார் கைன்னு கேப்பாங்களே.”

“கேப்பாங்க.”

எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். மங்கலான எரிபொருள் இருந்த தொட்டியைப் பூட்டி, வேறு தொட்டியிலிருந்து விமானத்துக்கு நிரப்பினார்கள். விமானம் நான்கு மணி நேரம் தாமதமாகப் போனது. யாரிடம் என்ன கேட்டார்களோ, மேலாளர் அண்ணனை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்.

வீட்டில் அண்ணன் அவளிடம் நேராகப் பேசவில்லை. “அவளை ஃபேனைக் குறைக்கச் சொல்லு,” என்பான் அண்ணியிடம். அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பாள். மூன்றாம் நாள் அண்ணி, “எனக்கு வேற வேலை இருக்கு, நீங்களே பேசிக்குங்க,” என்று எழுந்து போய்விட்டாள்.

அண்ணன் கேட்டான். “அந்தப் பிளேன் அப்படியே பறந்திருந்தா?”

“மேல குளிரு அதிகம். தண்ணி உறைஞ்சு குழாயை அடைச்சிருக்கலாம். அடைக்காமலும் இருந்திருக்கலாம்.”

“எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?”

“எழுதறதுக்கு முன்னாடி உங்கிட்டதான் வந்து கேட்டேன்.”

அவன் யோசித்தான். அது உண்மைதான். ஃபேனை அவனே எழுந்து குறைத்தான்.

அவன் வேலைக்குத் திரும்பிய அன்று கொட்டகைச் சுவரில், ‘மீட்டர் ஓடாவிட்டால் கையால் ஊற்றக் கூடாது’ என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எழுதியது அண்ணன். கிடங்கில் அழகான கையெழுத்து அவனுக்கு மட்டும்தான்.