மூன்றாவது கோலம்

அடையாள அட்டையை எடுக்கக் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டபோது தனேஸ்வரனுக்கு முதலில் தட்டுப்பட்டது சாவி. அதை வெளியே எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டுதான் அட்டையை எடுக்க முடிந்தது. உள்ளங்கை நீளத்துக்கு இரும்பு. முனையில் சதுரக் குழி. நுழைவுச்சீட்டு கொடுக்கும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மூவரின் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை ஒட்டிவிட்டாள். மகள் லோஷினி தன் பட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எதையும் முகர்ந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கம். மில் குவார்ட்டர்ஸில் வளரும் பிள்ளைகளுக்கு அது வந்துவிடும். காற்று மில் பக்கமிருந்து வருகிறதா என்று பார்த்துத்தான் அவன் மனைவி குமுதா துணி காயப்போடுவாள்.

பள்ளி விடுமுறை முடிவதற்குள் ஈப்போவில் மீன் காட்சியகத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். பேரங்காடியின் கீழ்த்தளத்தில் இருந்தது. நுழைந்ததும் நீல வெளிச்சம். குளிர். சிமெண்டில் செய்த பாறைகள். லோஷினி ஒவ்வொரு தொட்டியாக ஓடினாள். தனேஸ்வரன் மீன்களைப் பார்ப்பதற்கு முன் குமிழிகளைப் பார்த்தான். காற்று எந்த மூலையில் ஏறுகிறது, தண்ணீர் எங்கே வழிந்து வடிகட்டிக்குப் போகிறது. தொழில் அப்படி. பீடோருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் அவன் கழிவு நீரைப் பார்த்துக்கொள்பவன். அங்கேயும் குமிழி வரும். கருப்புத் தோல் போர்த்திய தண்ணீரில் ஒவ்வொன்றாக மேலே வந்து மெதுவாக வெடிக்கும்.

மில்லில் யாரும் குளம் என்று சொல்வதில்லை. மலாய்க்காரர்களும் சீனர்களும் சொல்வதுபோல் தமிழர்களும் கோலம் என்றே சொன்னார்கள். முதலாம் கோலம், இரண்டாம் கோலம். லோஷினி ஒன்றாம் ஆண்டில் படித்தபோது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆசிரியை கேட்டதற்கு, "கோலம் பாக்குறாரு" என்று சொல்லிவிட்டாள். பொங்கலுக்குப் பள்ளியில் கோலப்போட்டி. நடுவராக வரும்படி தனேஸ்வரனுக்கு அழைப்பு வந்தது. போனான். சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, வண்ண அரிசிக் கோலங்களுக்கு நடுவே, பெண்களுக்கு மத்தியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓரம் சரிந்திருந்த கோலத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்தான். கரை சரிந்தால் எதுவும் நிற்காது என்பது அவனுக்குத் தெரிந்த ஒரே சட்டம். குமுதா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

கழிவு நீர் கோலம் கோலமாக இறங்கி, வாரக்கணக்கில் கிடந்து, கடைசிக் கோலத்தில் ஓரளவு தெளிந்த பிறகுதான் ஆற்றுக்குப் போக வேண்டும். ஆனால் மூன்றாவது கோலத்தின் கரைக்குள் ஒரு குழாய் இருந்தது. நேராக ஆற்றுக்குப் போவது. அதன் வால்விலிருந்து சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள். சோதனைக்கு வருகிறவர்களுக்கு அது கைவிடப்பட்ட பழைய குழாய். திருகுவதற்கு மில் பட்டறையில் இந்தச் சாவியைச் செய்திருந்தார்கள். ஒன்றுதான் உண்டு. பெருமழை பெய்து ஆறு செம்மண் நிறமாகும்போது திறப்பார்கள். அப்போது நிறம் தெரியாது. திறந்தது எப்போதும் தனேஸ்வரனின் கை.

போன மழைக்காலத்தில் பள்ளியிலிருந்து வந்த லோஷினி செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, பாலத்துக்கிட்ட மீனெல்லாம் செத்து மெதக்குது. கோலத்துத் தண்ணியா?" என்று கேட்டாள். "இல்ல. மழை அதிகம்" என்றான். அவள் அவன் கையைப் பிடித்து முகர்ந்தாள். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

இன்று காலை மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. மில்லுக்குப் போய், தன் பெட்டியைத் திறந்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினான்.

ஆற்று மீன்களின் தொட்டி கண்ணாடிச் சுரங்கப் பாதைக்கு முன்னால் இருந்தது. உயரமான கண்ணாடி. மேலிருந்து அருவிபோலத் தண்ணீர் கொட்டியது. அதற்கு எதிராக மூன்று பெரிய மீன்கள் அசையாமல் நின்றன. செம்பு நிறச் செதில்கள். ஒவ்வொன்றும் கட்டை விரல் நகத்தைவிடப் பெரிது. கீழே மலாய், ஆங்கிலம், சீனத்தில் எழுதியிருந்தது. லோஷினி மலாயைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"இதுக்குப் பேரு கெலாவாம்மா. பேராக் ஆத்து மீனாம். சுத்தமான தண்ணி ஓடுற எடத்துலதான் இருக்குமாம். அழுக்கு வந்தா மொதல்ல இதுதான் போயிருமாம்."

"எங்க போகும்?" என்றாள் குமுதா.

"செத்துப் போகும்லா."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன."

அப்போது தொலைபேசி ஒலித்தது. லயனல். மில்லின் பொறியாளர். தைப்பிங்காரர். தனேஸ்வரனைவிட இளையவர். தனேஸ்வரன் கண்ணாடியை விட்டு நகராமல் எடுத்தான்.

"தனேஸ், இங்க மழை ஊத்துது. மூணாவது கோலம் வெளிம்பு வரைக்கும் வந்துருச்சு. ஒன் ஆளு சீனி ஒன்னோட பெட்டிய கவுத்துப் போட்டுத் தேடுறான். சாவி இல்லன்றான்."

"சாவி எங்கிட்ட இருக்கு, பாஸ்."

"ஒங்கிட்டயா? ஈப்போல அப்படி எத தொறக்கப் போற?"

தனேஸ்வரன் கால்சட்டைப் பையை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தான்.

"சரி, பட்டறை பிட்டர கூப்பிட்டு வேற ஒண்ணு செய்யலாம்னா அவன் சிலிம் ரிவர்ல கல்யாண வீட்டுல இருக்கான். போன எடுக்க மாட்டேங்குறான். ஸ்பேனர் போட்டா வழுக்குது. நீ ஹைவேல ஏறி வா. மழை விட்டுச்சுன்னா ஆறு எறங்கிரும். அப்புறம் தொறக்க முடியாது."

"மில்லுல பழம் போடறத நிறுத்துனா கோலம் ஏறாது, பாஸ்."

"வெளிய பழ லோரி ரோடு வரைக்கும் நிக்குது. மில்ல நிறுத்துனா மேனேஜர் என்னைய நிறுத்திருவாரு." அங்கே தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. "இங்க பாரு. ஒன்னய அனுப்புறதுல எனக்கு சந்தோஷம் இல்ல. ஆனா நீ வரலன்னா வீட்டு சாவியையும் சேத்துக் குடுக்கச் சொல்லுவாங்க. புரியுதா?"

"வாரேன், பாஸ்."

வாரேன் என்றுதான் சொன்னான். எப்போது என்று சொல்லவில்லை. தொலைபேசியைப் பையில் போட்டபோது அது சாவியில் இடித்தது.

அடுத்த அறையில் ஆமைகளுக்கென்று தாழ்வான தொட்டி. அடியில் சில்லறைக் காசுகள் மின்னின. அதற்குப் பக்கத்திலேயே பலகை. காசு போடாதீர்கள், ஆமைகள் விழுங்கிவிடும். ஒரு கிழட்டு ஆமை கழுத்தை நீட்டி அவனைப் பார்த்தது. தனேஸ்வரன் பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் முழங்கால் ஆழம்கூட இல்லை. போட்டால் சத்தம் கேட்கும். யாராவது வலை கொண்டுவந்து எடுப்பார்கள். அதற்குள் சாவியின் துரு ஆமைகளின் தண்ணீரில் கலந்துவிடும். கையை வெளியே எடுத்தான்.

குமுதா பக்கத்தில் வந்து நின்றாள். லோஷினி தொலைவில், நட்சத்திர மீனைத் தொடும் வரிசையில் இருந்தாள்.

"காலையிலயே பாத்தேன்" என்றாள் குமுதா. "பாக்கெட்டு தொங்குச்சு."

"ம்."

"வேல போனா வீடும் போயிரும். நான் கொய்யாக்கா பொட்டி கட்டுற சம்பளத்துல வெளிய வாடகைக்கு எடுக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

அவன் ஆமையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் தொறந்தா அவ மறுபடியும் கேப்பா. நான் மறுபடியும் மழைன்னு சொல்லணும்."

"ஒங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தன் தொறந்தான். ஒங்களுக்குப் பின்னாடியும் ஒருத்தன் தொறப்பான்."

"ஆமா."

"ஆமான்னா?"

குமுதா கைப்பையின் வாரை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு மகளை நோக்கி நடந்தாள். லோஷினியின் முறை வந்திருந்தது. நீருக்குள் கைவிட்டு, ஒரு விரலால் மட்டும் நட்சத்திர மீனின் முதுகைத் தொட்டாள். வெளியே எடுத்து விரலை முகர்ந்தாள். "உப்பு" என்று கத்தினாள்.

வெளியே வந்து சாப்பிட்டார்கள். கெலா மீன்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள் லோஷினி. பட்டையைக் காட்டி மறுபடியும் உள்ளே போனார்கள். மீன்கள் அதே இடத்தில், கொட்டும் தண்ணீருக்கு எதிராக நின்றன. நிற்பதற்கே அவை இடைவிடாமல் நீந்த வேண்டியிருந்தது. தனேஸ்வரன் இப்போதுதான் அதைக் கவனித்தான்.

காரில் கிளம்பி ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலைக்குத் திரும்பும் பச்சைப் பலகை வந்தது. அவன் நேராகப் போனான். பழைய சாலை. கோப்பேங் வழியாக, விளக்குக்கு விளக்கு நின்று, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் சாலை. குமுதா பலகையையும் அவனையும் பார்த்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபுறமும் செம்பனை. ஒரு காலத்தில் ரப்பர் இருந்த நிலம். மழை இன்னும் இங்கே வரவில்லை. தெற்கே வானம் தார்நிறத்தில் இருந்தது.

தொலைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

கம்பார் வந்ததும் குமுதா சொன்னாள். "நிறுத்துங்க. ரொட்டி வாங்கணும்."

"இப்பத்தானே சாப்பிட்டோம்."

"கோழிக்கறி ரொட்டி. உள்ள கறி வச்சுச் சுட்டது. ராத்திரிக்கு ஆகும். சமைக்க முடியாது எனக்கு."

கடை வாசலில் கூட்டம். அவன் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். குமுதா வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது, பின்னாலிருந்த சீனத் தம்பதியிடம் ஏதோ சொல்லி அவர்களை முன்னே விட்டாள். அடுத்து ஒரு பெண், கையில் குழந்தையோடு. அவளையும் முன்னே விட்டாள். பிறகு வரிசையிலிருந்து விலகி, கடைக்கு வெளியே தொங்கிய பலகாரப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பலகாரம் வாங்குகிறவள் அல்ல அவள். மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறியபோது அவள் முகத்தில் கோபம் இருந்தது. "என்னா பாக்குறீங்க? ஓட்டுங்க" என்றாள். "மெதுவா. சூடு, சாஞ்சிரும்."

தாப்பா ஊருக்கு முன் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் வேகமாக அடித்தும் சாலை தெரியவில்லை. எதிரே வந்தவை எல்லாம் வெறும் வெளிச்சங்கள். தனேஸ்வரன் முன்னால் குனிந்து ஓட்டினான். இவ்வளவு மழை. இப்போது போய்ச் சேர்ந்தால் அவனால் மறுக்க முடியுமா என்று தெரியவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு லயனல் முன்னால் நிற்கும்போது கால்கள் தானாகவே கரைக்குப் போய்விடும். அவை அந்த வழியில் பழகியவை. வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பி முந்திக்கொண்டு போனது.

தொலைபேசி மறுபடியும் அடித்தது. லோஷினி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாஸுன்னு இருக்கு. அப்பா காடி ஓட்டுறாருன்னு சொல்லவா?"

தடுப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"அங்கிள், அப்பா ஓட்டுறாரு. பேச முடியாது."

லயனலின் குரல் காருக்குள் கேட்டது. குழந்தை என்றதும் தணிந்திருந்தது. "எங்கம்மா வாறீங்க?"

"தாப்பா கிட்ட. இங்க ரொம்ப மழை அங்கிள்."

"இங்க கொறைஞ்சிருச்சு." ஒரு பெருமூச்சு. அது கோபமா களைப்பா என்று தெரியவில்லை. "மீனெல்லாம் பாத்தியா?"

"பாத்தேன். கெலா. அதுக்கு சுத்தமான தண்ணி வேணுமாம். அங்கிள், மூணாவது கோலம் நெறைஞ்சிருச்சா?"

குமுதா திரும்பி மகளைப் பார்த்தாள். தனேஸ்வரன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இணைப்பில் யாரோ எதையோ சத்தமாகக் கேட்பதும், அதற்கு லயனல், "இரு, இரு" என்பதும் கேட்டது.

"அப்பாவ நேரா மில் கேட்டுக்கு வரச் சொல்லும்மா" என்று வைத்துவிட்டார்.

ரொட்டியின் மணம் காரை நிறைத்திருந்தது.

பீடோர் தாண்டி, தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கியபோது மழை தூறலாகியிருந்தது. பாலத்தின் மேல் தனேஸ்வரன் காரை நிறுத்தினான். மில்லின் குழாய், நீரோட்டத்தில் இதற்கு மேலேதான் ஆற்றில் சேர்கிறது. தண்ணீர் பாலத்தின் தூணைப் பாதி மூடி, தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. மட்டைகள் மிதந்து போயின. பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் மழையில் திறப்பார்கள்.

லோஷினி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். நீண்ட மூச்சு இழுத்தாள். குமுதா ரொட்டிப் பையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனேஸ்வரனும்.

"என்னா வாடை?" என்றான்.

"மண்ணு." மறுபடியும் முகர்ந்தாள். "மண்ணும் தழையும்தான்."

அவன் பையிலிருந்து சாவியை எடுத்தான். உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டான். தொடையில் அது அழுத்தியிருந்த இடம் வலித்தது. லோஷினி இருக்கைகளுக்கு நடுவே குனிந்து அதை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். அது என்ன என்று அவள் கேட்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் மில் வாசல் தெரிந்தது. விளக்குப் போட்ட லாரிகள் சாலையோரமாக நின்றன. புகைபோக்கியில் புகை இருந்தது. வாசலில் ஒருவர் பெரிய கருப்புக் குடையோடு நின்றார். இங்கிருந்து முகம் தெரியவில்லை. லயனல்தான்.

வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட ஆரம்பித்தது. தனேஸ்வரன் அதை நிறுத்தவில்லை. வாசலில் நின்றவர் குடைக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை வானத்துக்குத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு குடையை மடக்கினார்.