கறுப்புக்கு ஒரு ஓட்டு

கறுப்பு ஹெட்போனுக்குக் கை தூக்கியது விஜயலக்ஷ்மி ஒருத்திதான். மற்ற எல்லோரும் சாம்பல் நிறத்ததையே கேட்டிருந்தார்கள். கைகளை எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மானேஜர் ஆன்சன் இரண்டு ஹெட்போன்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஹைவேயை ஒட்டி, ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருந்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸ் அது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிந்து வைப்பதை இங்கே காதில் வாங்கி டைப் செய்து அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்காத சொல்லுக்குக் கோடு போட்டு இடம் விடலாம். ஆனால் கோடுகள் கூடினால் ஆன்சன் கூப்பிட்டு விசாரிப்பார். 'ஃபிஃப்டீன்' என்பதை 'ஃபிஃப்டி' என்று கேட்டுவிட்டால் எங்கோ ஒருவருக்கு மருந்தின் அளவே மாறிப்போகும். பழைய ஹெட்போன்களின் பஞ்சு உதிர்ந்து எல்லோர் தலைமயிரிலும் கறுப்புத் தூளாக ஒட்டிக்கொண்டிருந்தது. காதை முழுக்க மூடுகிற மாதிரி புதிதாக வாங்கலாம் என்று ஆன்சன் இரண்டு மாதிரிகளை வரவழைத்து, மாறி மாறிப் போட்டுப் பார்த்துச் சொல்லும்படி ஒரு வாரம் விட்டிருந்தார்.

சாம்பல் நிறத்தது காதில் உட்கார்ந்திருப்பதே தெரியாது. துணி மெத்தை வைத்தது, பன் ரொட்டியைப் போல மெதுவானது. ஆனால் டாக்டரின் குரலோடு ஏசியின் இரைச்சலும் உள்ளே வந்துவிடும். 'எஸ்'ஸும் 'எஃப்'பும் ஒன்றுபோல ஒலிக்கும். கறுப்பு அப்படியில்லை. அதைப் போட்ட மாத்திரத்தில் அறை காணாமல் போய்விடும். டாக்டர் காகிதம் திருப்புவது, எச்சில் விழுங்குவது, அவருக்குப் பின்னால் யாரோ கதவைச் சாத்துவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் அதன் பிடி குறடு மாதிரி இருந்தது. ரெக்சின் மெத்தைக்குள் அரை மணியில் வியர்வை ஊறியது. கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தியது. கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் காம்பு நெற்றிப்பொட்டில் புதைந்தது.

"சாம்பலுக்கு என்ன குறை, மாடம்?" என்றார் ஆன்சன்.

"அதுல ஏசி சத்தம் உள்ள வரது, சார். கறுப்புல ஒவ்வொரு எழுத்தும் நன்னாக் கேக்கறது. நாம கேக்கறதுக்குத்தானே இங்க வந்திருக்கோம்?"

டீம் லீடர் ஷிஜா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "மாமிக்குத் தலை இரும்புல செஞ்சதா? எங்களுக்கு ஒரு மணிக்கூறு போட்டா தலை வெட்டிப் பொளியுது, கேட்டோ. காது வேகுது."

"பழகினா சரியாப் போயிடும்," என்று விஜயலக்ஷ்மி ஆன்சனிடம் சொன்னாள். ஷிஜாவைப் பார்க்கவில்லை.

ஆன்சன் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். கறுப்பைப் போட்டு டைப் செய்த ரிப்போர்ட்டுகளில் கோடுகள் குறைவு. யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தாரோ என்னவோ. "அப்போ கறுப்பு மதி, கறுப்பே போதும்," என்று எழுந்துவிட்டார். அடுத்த வாரமே எல்லா மேசைக்கும் கறுப்பு வந்து சேர்ந்தது.

விஜயலக்ஷ்மி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவளுடைய காரணம் அதுவல்ல. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுடைய இடது காது மெல்ல மெல்ல அடைத்துப்போயிருந்தது. வலது காது மட்டுமே வேலை பார்த்தது, அதுவும் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தால்தான். சாம்பல் ஹெட்போனில் அந்தச் சத்தம் வெளியே கசிந்தது. அதைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே பக்கத்து மேசையிலிருந்து ஷிஜா திரும்பி, "என்ன மாமி, உள்ள செண்டை மேளம் நடக்குதா?" என்று சிரித்தாள். விஜயலக்ஷ்மி சட்டென்று சத்தத்தைக் குறைத்தாள். கறுப்பிலிருந்து ஒரு துளிச் சத்தமும் வெளியே வராது. காதை இறுக்கியதைப்போலவே அது ரகசியத்தையும் இறுக்கி வைத்திருந்தது.

கரமனையில், அவள் வாழ்க்கைப்பட்ட அக்ரஹாரத்து வீட்டிலும் யாருக்கும் தெரியாது. கூப்பிட்ட குரலுக்கு அவள் திரும்பாததை அகங்காரம் என்றார் கணவர். வேலைக்குப் போகிற திமிர் என்றாள் மாமியார். விஜயலக்ஷ்மி அவர்களைத் திருத்தவில்லை. செவிடி என்பதைக் காட்டிலும் திமிர் பிடித்தவள் என்பது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. கறுப்பு ஹெட்போனைப் போடுவதற்காகத் தோட்டைக் கழற்றிவிட்டு அவள் ஆபீசுக்குக் கிளம்பிய அன்று, "மூளிக் காதோட எங்க போறா இவ?" என்று மாமியார் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். அது விஜயலக்ஷ்மிக்குக் கேட்டது. அந்த வீட்டில் உரக்கப் பேசப்படுகிறவை மட்டுமே அவளுக்குக் கேட்டன. உரக்கப் பேசியதெல்லாம் வசவாகத்தான் இருந்தது. ஹெட்போனுக்குள் மட்டும் மனிதர்கள் அவளிடம் முழு முழு வாக்கியங்களாக, நிதானமாகப் பேசினார்கள். ஒரு முதிய பெண்ணின் இடுப்பெலும்பைப் பற்றியோ ஒரு குழந்தையின் இருமலைப் பற்றியோ அவளுக்கென்றே சொல்வதுபோல் சொன்னார்கள்.

ஷிஜாவுக்கு அவள்மேல் இருந்த கோபம் ஹெட்போனோடு தொடங்கியதல்ல. ஷிஜா போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து கிள்ளியவள். மலையிலிருந்து இறங்கிப் படித்து, இருபத்தாறு வயதில் தன்னைவிட மூத்தவர்களுக்கு டீம் லீடராகியிருந்தாள். அந்தச் சோதனை வாரத்தில் ஹெட்போன்கள் தலை மாற்றித் தலை போயின. ஷிஜா கழற்றி வைத்ததை எடுக்கும்போதெல்லாம் விஜயலக்ஷ்மி பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, பஞ்சை நனைத்து, இரண்டு மெத்தைகளையும் துடைத்தாள். எதிர் மேசை ஆதிரா போட்டுக் கழற்றியதையும் துடைத்தாள்தான். ஆனால் அவ்வளவு அழுத்தியல்ல. யாராவது கேட்டிருந்தால் காதுக்குச் சுத்தம் முக்கியம் என்று சொல்லியிருப்பாள். அதுவும் உண்மைதான். அந்த அழுத்தத்தை ஷிஜா பார்த்தாள். பார்க்கிறாள் என்று தெரிந்தும் விஜயலக்ஷ்மி இன்னொரு முறை துடைத்தாள்.

கறுப்பு வந்தபின் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் பேச்சு நின்றது. பிற்பகலில் எல்லோரும் காதைத் தேய்த்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தார்கள். ஆதிரா ஹெட்போனைக் கழற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும், "ஆ மாமியுட ஒரு ஓட்டு," என்று மலையாளத்தில் சபித்தாள். மழைக்காலம் வந்தது. ஷிஜாவின் வலது காதுக்குள் கட்டி கிளம்பியது. டாக்டர் மருந்து கொடுத்து, காதில் எதையும் போடாதே என்றார். போடாமல் எப்படி வேலை செய்வது? ஹெட்போனின் ஒரு கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு மற்றக் காதால் கேட்டாள். ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு கொண்டுவந்தாள். ஒரு நாள் ஆன்சனின் அறைக்குப் போய்ப் பழைய ஹெட்போனாவது கொடுங்கள் என்றாள். அதெல்லாம் தூக்கிப் போட்டாயிற்று என்றார் அவர்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் விஜயலக்ஷ்மி பாத்ரூமுக்குப் போயிருந்தபோது அவளுடைய ரிப்போர்ட்டில் ஒரு சந்தேகம் பார்க்க ஷிஜா அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தாள்.

ஷிஜாவின் அலறல் மாடி முழுக்கக் கேட்டது. பாத்ரூமில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஷிஜா மட்டும் நாற்காலியிலேயே, பெடலிலிருந்து காலை எடுக்காமல், காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். ஹெட்போன் தரையில் கிடந்தது. அதிலிருந்து ஒரு டாக்டரின் குரல் அறைக்கே கேட்கும்படி வந்துகொண்டிருந்தது.

விஜயலக்ஷ்மி குனிந்து ஹெட்போனை எடுத்தாள். மேசையில் வைத்தாள். அவள் கை தானாகப் பைக்குள் போய் ஸ்பிரிட் பாட்டிலைத் தேடியது.

"தொடைங்க," என்றாள் ஷிஜா. கண்களில் நீர் நின்றது. "நல்லா அமுத்தித் தொடைங்க. லயத்து அழுக்குல்ல. லேசுல போவாது."

ஷிஜா திரையைப் பார்த்தாள், சத்தம் முழுக்கக் கூட்டி வைத்திருந்தது.

"உங்களுக்குக் காது கேக்காது. அல்லே? அதுக்காக எங்க எல்லார் காதையும் பொசுக்கிட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஒதுங்கிக் குடுத்திருக்க மாட்டோமா மாமி? உங்களுக்கு மட்டும் அத வாங்கிக் குடுங்கன்னு நானே சார்ட்ட சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லியிருப்பே," என்றாள் விஜயலக்ஷ்மி. "நீ சொல்லி, நான் வாங்கிக்கணும்."

அதைச் சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆன்சன் வந்தார். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து மாதிரிக்கு வந்த சாம்பல் ஹெட்போனை எடுத்துவந்து அவள் கம்ப்யூட்டரில் செருகினார். சத்தத்தை எல்லோரும் வைக்கிற அளவில் வைத்தார். "ஒரு பக்கம் டைப் பண்ணுங்க, மாடம். வேற ஒண்ணுமில்ல," என்றார். தனி அறைக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அவள் பெடலை மிதித்தாள். ஏசி இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒருவர் பேசினார். பன்னிரண்டு வருஷம் வக்கீல் ஆபீசிலும் நான்கு வருஷம் இங்கேயும் டைப் அடித்தவள் அவள். நோயின் பெயரைக் கேட்டால் மருந்தின் பெயரை ஊகித்துவிடுவாள். ஊகித்தே அந்தப் பக்கத்தை நிரப்பியிருக்க முடியும். விரல்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் பின்னால் இத்தனை பேர் நின்று பார்க்கும்போது, கேட்காததைக் கேட்டதாகக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டதை அடித்தாள். கேட்காததற்குக் கோடு போட்டாள். பக்கம் முடிந்தபோது திரையில் பெரும்பாலும் கோடுகளே இருந்தன. ஹெட்போனைக் கழற்றி ஆன்சனின் கையில் கொடுத்துவிட்டு, "போறுமா சார்?" என்றாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஷிஜாவும் நினைத்தாள். ஆனால் புரூஃப் பார்க்கிற கண்ணாடி அறையில் இருந்தவர் துபாய் போக டிக்கெட் எடுத்திருந்தார். அவளைப்போல மருந்துப் பெயர்கள் தெரிந்தவர்கள் கிடைப்பது கடினம். ஆன்சன் அவளை அந்த அறைக்கு மாற்றினார். அங்கே காது தேவையில்லை. அடித்து வந்த தாள்களைப் படித்துச் சிவப்பு மையால் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஆன்சன் இரக்கப்பட்டதாக யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. மறுநாள் அவள் வைரத்தோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் அவள் கேட்டு வாங்கிய கறுப்பு ஹெட்போன்கள் வரிசையாகத் தலைகளைக் கவ்விக்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்தில் அவள் காது காற்றாட உட்கார்ந்திருந்தாள். ஒற்றைக் காதால் கேட்டு அடித்த ஷிஜாவின் தாள்களில் பிழைகள் இருந்தன. 'ஹைப்போ' என்று வரவேண்டிய இடத்தில் 'ஹைப்பர்' வந்தது. விஜயலக்ஷ்மி ஒன்றையும் விடவில்லை. இல்லாத பிழை எதையும் அவள் சேர்க்கவில்லை. ஆனால் மற்றவர்கள் தாளில் சின்ன வட்டம் போட்ட இடத்தில், ஷிஜாவின் தாளில் பின்பக்கம் தடம் விழும்படி அழுத்தி வட்டம் போட்டாள். மாத முடிவில் ஆன்சன் டீம் லீடர் பொறுப்பை ஆதிராவுக்குக் கொடுத்தார்.

அதற்கு மறுவாரம் ஷிஜா கண்ணாடி அறைக்குள் வந்தாள். காதுக்குள் பஞ்சு வைத்திருந்தாள். முகம் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது.

"சார்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, மாமி," என்றாள் மெதுவாக. பிறகு, மெதுவாகச் சொன்னால் போதாது என்று நினைவு வந்ததுபோல் உரக்கச் சொன்னாள். "சாம்பல் போதும்னு நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க சொல்லித்தானே இத வாங்கினாரு. எனக்கு வய்யாம ஆயிருச்சு, வலி தாங்க முடியல."

விஜயலக்ஷ்மி தாளிலிருந்து நிமிர்ந்தாள். ஷிஜாவின் காது மடலில் மருந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. வலி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"எது நன்னாக் கேக்கறது, எது கேக்கலைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள். "நேக்குத்தான் காது கேக்காதே."

ஷிஜா காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கிழக்கேகோட்டை போகிற ஆபீஸ் வேனில் ஜன்னல் சீட்டுகளில் வலது ஓரத்தது ஒன்றுதான் மிச்சமிருந்தது. விஜயலக்ஷ்மி அதில் உட்கார்ந்தாள். கடைசியாக ஏறிய ஷிஜா, முன்னால் இடம் இருந்தும், வந்து அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். டிரைவர் கோலப்பன் உள்விளக்கைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

உள்ளூர் ஜங்ஷன் தாண்டும்போது, கறுத்துப்போன ஜன்னல் கண்ணாடியில் ஷிஜாவின் உதடுகள் அசைவதை விஜயலக்ஷ்மி பார்த்தாள். அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, அவளுடைய செத்த காதுக்கு மிக அருகில், ஷிஜா பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் பேசினாள். கன்னத்தில் மூச்சு பட்டது. சொல் எதுவும் காதில் விழவில்லை. வலது காதில் வேனின் தகர அதிர்வும் மழையும்தான். வைகிறாளா, கெஞ்சுகிறாளா, அவளுடைய அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா? முன் சீட்டில் ஆதிரா திரும்பிப் பார்த்து, வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கோலப்பனின் கண்கள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒருமுறை வந்துவிட்டுப் போயின. சிரிப்பா அழுகையா என்று அந்த முகங்களிலிருந்தும் தெரியவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பினால் வலது காதுக்குக் கேட்டுவிடும். அவள் கழுத்து அப்படியே இருந்தது.

பாளையத்தில் வண்டி நின்றது. ஷிஜாவின் ஹாஸ்டல் அங்கேதான். கோலப்பன் கதவைத் திறந்துவிட்டார். சாரல் உள்ளே அடித்துப் படியும் முன் சீட்டின் ஓரமும் நனைந்தன. பின்னாலிருந்து பஸ் ஒன்று விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. ஷிஜா இறங்கவில்லை. விஜயலக்ஷ்மி திரும்பவும் இல்லை. திறந்த கதவு வழியே மழை கொட்டிக்கொண்டிருக்க, எல்லோரும் அவரவர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஜன்னல் கண்ணாடியில் ஷிஜாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன.