செத்தால்தான் பார்ப்பேன் என்ற முகம்

தங்கை தவ்ஹீதா படத்தில் நடிக்கப் போன அன்று, நபவிய்யா வாசலை அடைத்துக்கொண்டு நின்று கத்தினாள்: "இனிமே நீ செத்தாத்தான்டி உன் மூஞ்சியப் பாப்பேன்!" கூடப்பிறந்தவள் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் ஆயிற்று.

இதற்குள் தவ்ஹீதா தானே ஆட்களைச் சேர்த்து ஒரு படம் எடுத்து, கதாநாயகியாகவும் நடித்துவிட்டாள். கெய்ரோ முழுக்க அதே பேச்சு. திங்கட்கிழமை பகல் காட்சி பெண்களுக்கு மட்டும்.

"முகத்திரைய இழுத்து விட்டுக்கிட்டு வா. இருட்டுல எந்தக் கழுதை உன்னைக் கண்டுபிடிக்கப் போகுது?" என்றாள் அடுத்த வீட்டு உம்மு ஃபத்ஹி.

"தர்பூசணி விதை கொறிக்கத்தான் வர்றேன்," என்றாள் நபவிய்யா. ஆசை யாரை விட்டது?

விளக்கு அணைந்தது. வெள்ளைத் துணியில் வீட்டுச் சுவர் அளவுக்குத் தங்கையின் முகம். நாலு வயதில் நபவிய்யா தள்ளிவிட்டதில் அவளுக்கு விழுந்த நெற்றித் தழும்பு உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. ஊமைப்படம்தான், நடுநடுவே வரும் எழுத்தை வாசித்துச் சொல்பவன் ஆண் என்பதால் அன்று அவனுக்கு உள்ளே இடமில்லை. துணிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வாசித்தது. அதுவும் தங்கையின் குரலேதான்! நபவிய்யாவுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. மடியிலிருந்த விதைப் பொட்டலம் அப்படியே இருந்தது. இவளையா வெட்கக்கேடு என்றோம்?

கடைசியில் கதாநாயகி நைல் நதியில் மூழ்கினாள். கரையில் கிடத்தினார்கள். கண் மூடிய முகம் துணியை நிறைத்தது.

சொன்ன சொல் பலித்துவிட்டது. நபவிய்யா முகத்திரையைப் பிய்த்தெறிந்து எழுந்தாள். சாவு வீட்டில் செய்வதுபோல் கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

"ஐயோ தவ்ஹீதா! கோவத்துல சொன்னேன்டி! என் வாசல் தொறந்துதான் கெடக்கு, வந்துருடி!"

ஒருத்தி ஒப்பாரி வைத்தால் மற்றவள் சும்மா இருப்பாளா? கொட்டகையே அழுதது. வாசித்த குரல் நின்றுபோனது.

"அக்கா!"

எல்லாரும் துணியைப் பார்த்தார்கள். துணியில் இருந்த முகம் உதட்டை அசைக்கவில்லை. பின்னாலிருந்து அந்தக் குரல் தழுதழுத்தது.

"செத்தாச்சு. மூஞ்சியையும் பாத்துட்டே. இப்ப வீட்டுக்கு வரலாமா?"

நபவிய்யா அந்தப் பெரிய முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"சாப்பிடாம வாடி," என்றாள்.