மூன்றாவது ஓட்டம்

அலுவலகச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது. மருத்துவமனை முன்பதிவுச் செயலியில் யார் எந்த மாற்றம் செய்தாலும் சோதனைகள் தானாக ஓடும். ஒன்று தோற்றால், கடைசியாக மாற்றம் செய்தவரின் பெயர் அதன் மேல் வரும். சோதனையை எழுதியவள் அவள். சிவப்பில் தெரிந்த பெயர் அவள் கணவனுடையது.

"அவரு கட்டுறாரு, நீங்க இடிக்கிறீங்க. வீட்டுலயும் இப்படித்தானா அக்கா?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

"வீட்டுல சமையல் அவரு. அங்கயும் நான்தான் டெஸ்ட்டிங்."

அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சிவப்பு வந்தால் மறுபடி ஓட்டுவார்கள். மூன்று ஓட்டத்தில் ஒன்று பச்சையானாலும் பச்சை என்றே கணக்கு. 'சர்வர் மூச்சு வாங்குது' என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். அதனாலேயே யாரும் சிவப்பைத் திறந்து பார்ப்பதில்லை.

அவள் பார்த்தாள். இரண்டு நோயாளிகள் ஒரே நொடியில் ஒரே முன்பதிவு நேரத்தைக் கேட்டால், சில சமயம் இருவருக்குமே 'உறுதி' என்று பதில் போயிற்று.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றான் கடைசியில். "போன வாரமே பாத்துட்டேன். சரி பண்ணணும்னா பாதி கோடப் பிரிச்சு மேயணும். ரிலீஸ் தள்ளிப்போனா டீம் லீட் பதவி எனக்கு இல்ல. இது போகட்டும்மா, அடுத்ததுல பண்ணிடறேன்."

"ஒரே டயாலிசிஸ் மெஷினுக்கு ரெண்டு பேர் வந்து நிப்பாங்க."

"ஒரே நொடியில யாரு தட்டப்போறா?"

"காலையில பதிவு திறந்ததும் எல்லாரும்தான். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"மறைக்கச் சொல்லல. சும்மா இருக்கச் சொல்றேன்."

எழுந்து தட்டைக் கழுவினான். குழாய் தேவைக்கு மேல் ஓடியது. அடுத்த இரண்டு நாளும் கதவுச் சாவி எங்கே, பால் இருக்கிறதா என்பதற்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

வெளியீட்டு நாளில் முதல் ஓட்டம் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவது பச்சை. யாரோ கைதட்டினார்கள். இனி செயலி வெளியே போக, சம்மதப் பொத்தானை அவள் அழுத்த வேண்டும்.

"அழுத்த மாட்டேன் சார்," என்றாள் மேலாளரிடம். இரண்டு 'உறுதி'களையும் அருகருகே திறந்து காட்டினாள்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார், பிறகு அவள் கணவனை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"சார், இது டெஸ்ட் ரிசல்ட்."

"அதான் பச்சை வந்துடுச்சே." கணவன் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா. கோட்ல தப்பா, இல்ல உங்களுக்குள்ள ஏதாவதா?"

அவள் காத்திருந்தாள். அவன் விசைப்பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா கொஞ்சம் மனஸ்தாபம் சார். வேற ஒண்ணுமில்ல."

"எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான்," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மேலாளர் தன் அதிகாரத்தில் தானே சம்மதம் கொடுத்தார்.

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மனஸ்தாபம் உண்மை. இரண்டு நாள் என்பதும் உண்மை. அதுதான் நெஞ்சில் நின்றது.

மாலையில் அவன் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"போலாமா?"

"எப்ப சரி பண்ணுவ?"

"முதல்ல நான் லீட் ஆயிடறேன்மா."

அவள் திரைப் பக்கம் திரும்பினாள்.

"நீ போ."

காரணம் கேட்பான் என்று நினைத்தாள். அவன் நிம்மதியடைந்தவனைப் போல மின்தூக்கியை நோக்கி நடந்தான்.