மயில்வாகனத்தார் மோர் குடிக்க வேண்டிய கதை

1

இது கேட்டு வாங்கிய கதை. கிளிநொச்சியில் ஒரு சுகாதாரக் கையேடு போடுகிறார்கள். சோடாவை விட்டு மோருக்கும் தேசிக்காய் பிழிந்த தண்ணீருக்கும் இளநீருக்கும் மாறச் சொல்லும் கையேடு. நடுவில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஒரு சின்னக் கதை எழுதித் தாங்கோ அண்ணை. ஒரு ஐயா சோடாவை விடுறார், மோர் குடிக்கிறார், எல்லாருக்கும் சந்தோசம். அவ்வளவுதான்" என்றார் கையேட்டுக்குப் பொறுப்பான சுதாகரன்.

சுலபம் என்று நினைத்தேன். முதல் வரி:

மயில்வாகனத்தார் சோடாவைக் கைவிட்ட அன்று வீட்டில் எல்லோரும்

(இந்த வரி இங்கேயே நிற்கட்டும். எந்த வீட்டில் என்று எழுதப் போனபோதுதான் பிசகியது.)

2

வீடு உடையார்கட்டில். வடிவம்மாவின் வீடு. அவளுடைய பெற்றோர் எழுபதுகளின் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னிக்கு ஓடி வந்தவர்கள். அவள் வளர்ந்தது, கட்டியது, பெற்றது, புருசனைப் பறிகொடுத்தது எல்லாம் இந்த மண்ணில். ஆனாலும் அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றிப் பேசும்போது 'தோட்டக்காட்டு ஆக்கள்' என்றுதான் இன்னமும் தொடங்குவார்கள்.

அவள் மகன் தர்ஷன், புதுக்குடியிருப்பு மயில்வாகனத்தாரின் மகள் வினோஜாவை விரும்பிக் கட்டினான். மயில்வாகனத்தார் கலியாணத்துக்கு வரவில்லை. பேத்தி பிறந்த பிறகு வந்தார். இப்போது ஒவ்வொரு பின்னேரமும் வருகிறார். கதிரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். வடிவம்மாவை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகளைப் பார்த்துச் சொல்வார்:

"பிள்ளை, ஒரு சோடா உடைக்கச் சொல்லு."

சிவப்புச் சோடா. போத்தலோடேயே குடிப்பார். சில நாட்களில் இன்னொன்றும் கேட்பார்.

வடிவம்மாவுக்குப் பெருமை. எங்கள் சம்மந்திக்குச் சோடா என்றால் உயிர் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். பக்கத்து வளவு ஆண்டியப்பன்தான் ஒருநாள் வேலிக்கு மேலால் சிரித்தான்.

"அக்கா, அந்தாளுக்குச் சோடா மேல ஆசையில்ல. அது மூடி போட்டு வருதுல்ல, அதுலதான் ஆசை. ஒங்க கிளாசுல வாய் வைக்கத் தேவையில்லையே."

"வாய்க்கொழுப்புடா ஒனக்கு."

சொல்லிவிட்டாள். பிறகு குசினியில் பாத்திரம் கழுவும்போது யோசித்தாள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றது. சோறு வேண்டாம் என்றது. பேத்தி பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கொடுத்த பாயாசத்தைக் கையில் வைத்திருந்துவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொன்றாக வந்து நின்றன.

அடுத்த நாளும் சோடா வாங்கி வைத்தாள். அவர் வராதிருந்த மாதங்களில் வினோஜா எப்படியிருந்தாள் என்று பார்த்தவள் அவள்.

(இங்கே ஒரு பந்தி எழுதி வெட்டினேன். யுத்தம் முடிந்து முகாமில் இருந்தபோது வடிவம்மாவும் அவரும் ஒரே தண்ணீர் பவுசர் வரிசையில் நின்றது, யாரோ நீட்டிய தகர ரின்னில் அவர் தண்ணீர் குடித்தது. அதைப் படித்தால் உங்களுக்குக் கண் கலங்கும். கண் கலங்கினால் சோடாவை மறந்துவிடுவீர்கள்.)

3

மயில்வாகனத்தாருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் பெருவிரலில் புண், ஆறவில்லை. சோடாவை நிறுத்தாவிட்டால் முதலில் விரல், பிறகு பாதம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

"அப்பா, இனி இந்த வீட்டில சோடா இல்லை. மாமி மோர் கரைச்சு வச்சிருக்கிறா. சீனி இல்லை, உப்பும் இஞ்சியும்தான்."

"மோர் எனக்குச் சளி."

"வீட்டில ஒவ்வொரு நாளும் மத்தியானம் குடிக்கிறனீங்கள்."

"அது வேற மோர்."

"அப்ப தேசிக்காய்த் தண்ணி?"

"பல்லுக் கூசும்."

"வெறுந் தண்ணி?"

"இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"பச்சைத் தண்ணிக்கும் ஒரு சாட்டு வச்சிருக்கிறியள் என்ன."

"கதையைக் குறை, பிள்ளை."

குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு நொண்டி நொண்டிப் போனார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வினோஜா வாசல் படலையைப் பார்ப்பதை வடிவம்மா பார்த்தாள்.

(விரலை இழப்பதைவிட ஒரு கிளாசுக்குப் பயப்படும் மனிதன் உண்டா? இந்தப் பாத்திரத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்று பட்டது. பிறகு எனக்குத் தெரிந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். நம்புவார்கள்.)

4

சுதாகரன் வாசித்தார்.

"அண்ணை, இது சீனிக் கையேடு. உந்த வித்தியாசமெல்லாம் இப்ப ஆர் பாக்கினம்?"

"அவர் மோர் குடிக்கமாட்டார்."

"அப்ப இளநி குடுங்கோவன்!"

முடிவு ஒன்று. தர்ஷன் இளநீர் பறித்து, மாமனாரின் கண் முன்னாலேயே சீவிக் கொடுக்கிறான். அவர் அண்ணாந்து குடிக்கிறார். புண் ஆறுகிறது. வினோஜா சிரிக்கிறாள்.

சுதாகரனுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. படம் போடுகிறவர் தென்னையைத் தொடங்கிவிட்டார். இளநீருக்கும் கிளாஸ் தேவையில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. சோடாவை மாற்றியாயிற்று. வேறெதையும் மாற்றக் கையேட்டில் இடமில்லை.

(முடிவு இரண்டு. வடிவம்மா சோடாவையே கொடுத்துவருகிறாள். விரல் போகிறது. பிறகு பாதம். அவர் கேட்டதைத்தானே கொடுத்தாள். இதை எழுதும்போது கை மிக வேகமாக ஓடியது. அதனால் நிறுத்தினேன்.)

5

கையேடு முதல் முடிவோடு அச்சாகிவிட்டது. இது கையேட்டில் இல்லாதது.

மயில்வாகனத்தார் திரும்பவும் வந்தார். காலில் துணிக்கட்டு. வினோஜா குழந்தைக்கு ஊசி போடப் போயிருந்தாள். தர்ஷன் வேலையில். வீட்டில் வடிவம்மா மட்டும்.

"பிள்ளை இல்லையோ?" சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஊசிக்குப் போயிருக்கு. இருங்க, வந்திடும்."

இருந்தார். வெயிலில் வந்த முகம். உதடு காய்ந்திருந்தது. சொல்லிவிட மகள் இல்லை. சுவரிடமே சொன்னார்:

"ஒரு சோடா..."

வடிவம்மா மோரை ஊற்றிக்கொண்டு வந்து, கிளாசை அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள். வழக்கமாக இந்த நேரம் குசினிக்குள் போய்விடுவாள். போகவில்லை. எதிரில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை.

"சோடா உள்ளுக்க இருக்கு, சம்மந்தி. பொய் சொல்லல. ஆனா ஒங்க கால் போறதுக்கு என் கையால தரமாட்டேன்."

"எனக்கு மோர்..."

"சளி இல்ல. எனக்குத் தெரியும். குடிங்க. குடிக்க ஏலாட்டி, ஏன்னு ஒங்க வாயால சொல்லுங்க. மகளுக்கு முன்னால வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க."

மயில்வாகனத்தார் வாயைத் திறந்தார்.

குடிக்கவா, சொல்லவா என்று நான் எழுதப் போவதில்லை. குடித்தார் என்றால் உங்களுக்கு ஆறுதல். சொன்னார் என்றால் உங்களுக்குக் கோபம். எது கிடைத்தாலும் அதோடு பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அவளுக்கு நாளைப் பின்னேரமும் உண்டு.

முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும், அவளைக் கதிரையிலிருந்து எழுப்பிக் குசினிக்குள் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.