வட்டமாக உயர்ந்த பயிர்

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மருமகள், கல்யாணமாகி வந்த முதல் வருடமே அந்த வட்டங்களைக் கவனித்துவிட்டாள். மாமனாரின் மக்காச்சோளக் காட்டில் ஐந்து இடங்களில் மட்டும் பயிர் ஒரு முழம் கூடுதலாக வளர்ந்து கரும்பச்சையாக நின்றது. ஐந்தும் வட்டம். அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அங்க மட்டும் உரம் கூடப் போடுறீங்களா மாமா?"

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான். எங்கப்பா காலத்துலேர்ந்தே அது அப்படித்தான். கன்னி நிலம்மா இது. நாங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு ஈ, காக்கா கிடையாது."

அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும். எல்லைப்புறத்துக்குக் குடிவந்து, முட்புதரை வெட்டிக் கொளுத்தி, முதல் ஏர் ஓட்டிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஆனால் கன்னி நிலம் வட்டம் வட்டமாகவா செழிக்கும்? கேள்வி மருமகளின் மண்டையைக் குடைந்தது.

அறுவடை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வட்டத்துக்குள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இடுப்பளவு குழி தோண்டினாள். வெளிக்குழியில் அடிவரை செம்மண். உள்குழியில் மேல்மண்ணுக்குக் கீழே இரண்டு சாண் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. நசுக்கினால் மாவாக உதிர்ந்தது. நடுவில் ஒரு கன்றின் பல்.

கூடத்தில் சோதித்தபோது வட்டத்து மண்ணில் பாஸ்பரஸ் என்ற மணிச்சத்து வெளி மண்ணைவிட ஒன்பது மடங்கு இருந்தது.

"மாதிரி மாறிப்போயிருக்கும். திரும்பப் போடு" என்றார் மேலதிகாரி. திரும்பப் போட்டாள். அதே ஒன்பது. வருடக்கணக்கில் மாட்டுச் சாணம் மக்கிய இடத்தில்தான் அவ்வளவு சேரும்.

அரைநாள் லீவு போட்டு நில அளவை அலுவலகத்துக்குப் போய், குடியேற்றத்துக்காக முதன்முதலில் அளந்தவரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். அந்த நிலத்துக்கான பக்கத்தில் எழுதியிருந்தது: "மாட்டுப் பட்டிகள் உள. ஆட்கள் இல்லை. மேய்ச்சலுக்கு ஆற்றுக்கு அக்கரை போயிருப்பதாகக் கேள்வி." அதற்குக் கீழே வேறு கையெழுத்து: "தரிசு. உரிமை கோருவோர் இல்லை."

அதை எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டியதும் மாமனார் முகம் சுருங்கியது. "அப்போ எங்கப்பா பொய் சொன்னாரா?"

"இல்ல மாமா. அவர் வந்தப்ப யாரும் இல்லதான். மாடு திரும்பி வர்றதுக்குள்ள அவர் வந்துட்டார்."

மூன்றாம் நாள் காலையில் பைக்கை எடுத்தார். "அக்கரையில மாட்டுக்காரங்க இன்னும் இருக்காங்க. வாம்மா, கேட்டுட்டு வந்துடலாம்."

அக்கரையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மந்தைக்காரி, வட்டம் என்றதுமே சிரித்தாள்.

"பட்டிய ஒரே இடத்துலயே போட்டா உண்ணி ஏறிடும். அதான் மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. அஞ்சுதான் பாத்தீங்களா? ஏழுன்னு எங்க தாத்தா சொல்வார். ஒரு வருஷம் திரும்பி வந்தப்ப வேலி போட்டிருந்துச்சாம்."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஆத்தை விட்டுட்டு ஏம்மா அங்க போய்ப் போட்டாங்க?"

"மழையில தண்ணி நிக்காத மேடு அது ஒண்ணுதான். உங்க வீடு எங்க இருக்கு?"

"ஓடைப் பக்கம்."

"அய்யோ! வருஷா வருஷம் வீட்டுக்குள்ள தண்ணி வருமே!"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தவர், "மேற்கு மூலையில சரியாவே விளையல. அறுத்த தட்டை அப்படியே கிடக்கு. மாட்டைக் கொண்டாந்து மேயவிட்டு, ராத்திரி அங்கயே கிடை போடுறீங்களா? சாணி விழுந்தா மண்ணு தேறும்." என்றார்.

மந்தைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி?"

"போர் இருக்கு."

"வேலி?"

"நானே பிரிச்சுவிடுறேன்."

"எங்கண்ணனைக் கேக்கணும்" என்றாள்.

அண்ணன் சம்மதிக்க ஒரு வருடம் பிடித்தது. அடுத்த அறுவடைக்குப் பிறகு நாற்பது மாடுகள் ஆற்றைக் கடந்து வந்தன. கிடை போட்ட கையோடு மந்தைக்காரி காட்டைச் சுற்றி நடந்து, தாத்தா சொன்ன அடையாளப்படி, பயிர் வைக்காத வண்டிப்பாதையில் இரண்டு இடங்களைக் காலால் கோடு கிழித்துக் காட்டினாள். மருமகள் இரண்டையும் தோண்டினாள். ஒன்றில் அதே சாம்பல் மண். இன்னொன்றில் வெறும் செம்மண்.

"தாத்தா ஒண்ணு கூட்டிச் சொல்லிட்டார் போல" என்றாள் மந்தைக்காரி.

"அவசரப்படாதீங்க" என்று மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார். "நாலடி தள்ளித் தோண்டிப் பாப்போம்."